டிஆர்டிஓ-வுக்குப் பொருள் கொடுக்கப் போகிறீர்களா? தரகரிடம் பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்காரர் ஒருவர், பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு நிறுவனமான டிஆர்டிஓ-வில் 'வெண்டார் பதிவு' (பொருள் வழங்குநர் பட்டியலில் பெயர் சேர்ப்பது) வாங்கித் தருவதாகச் சொன்ன ஓர் ஆலோசகரிடம் பெரிய தொகையைக் கொடுத்தார். கைக்கு வந்தது உத்யம் சான்றிதழ் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) மட்டுமே. அரசு இணையதளத்தில் அதற்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. ஆதார், பான் எண்களை வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் தனியார் தளங்கள்தான். முகவரி gov.in என்று முடியாமல் 'அரசு' போல வேடமிடும் தளத்தில் பணம் கட்டாதீர்கள். (இந்த ஒரு முகவரி வாலை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ஜிஓவி புள்ளி இன்.)

1958-இல் தொடங்கிய டிஆர்டிஓ ஒரே அலுவலகம் அல்ல. ஆவடியில் போர் வாகனங்களுக்கான ஆய்வகம், கொச்சியில் கடல்சார் ஆய்வகம், ஐதராபாத், பெங்களூரு, புணே என்று நாடெங்கும் ஆய்வகங்கள் இருக்கின்றன. தேவையானதை ஒவ்வொன்றும் தானே வாங்குகிறது. அங்கே நீங்கள் கேட்க வேண்டியது பொருள் மேலாண்மைப் பிரிவை. வாசலில் நின்று "பெரிய சாரைப் பார்க்க வேண்டும்" என்றால் நாள்தான் போகும்.

பதிவு ஆகிவிட்டால் ஆர்டர் வரும் என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பதிவு எண் என்பது உங்கள் பெயர் ஒரு பட்டியலில் இருக்கிறது என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. ஆராய்ச்சி ஆய்வகம் வாங்குவது மாதிரிக்காக, சோதனைக்காக. ஐந்து துண்டு, பத்து துண்டு. மொத்த உற்பத்தி பிறகு வேறு நிறுவனங்களுக்குப் போகும். அந்தச் சிறு ஆர்டரை நம்பிப் புது மெஷினுக்குக் கடன் வாங்காதீர்கள்.

வாய்ப்பு வருவது அரசுத் துறைகள் பொருள் வாங்கும் இணையச் சந்தையான ஜெம்மிலும் மத்திய அரசின் மின்-கொள்முதல் தளங்களிலும்தான். மின்-கொள்முதல் தளங்களில் டெண்டர் போட மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். அதற்குக் காலாவதித் தேதி உண்டு. டெண்டர் முடியும் நாளன்று அது காலாவதியானதைக் கண்டுபிடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது தகுதிக்கு வருவோம். 2012-ஆம் ஆண்டின் கொள்முதல் கொள்கைப்படி மத்திய அரசுத் துறைகள் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். டெண்டர் படிவம் இலவசம், டெண்டரோடு பிணையாகக் கட்டும் முன்வைப்புத் தொகை கிடையாது. கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் இது 'எம்எஸ்எம்இ' (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) எல்லோருக்கும் அல்ல. நடுத்தர நிறுவனத்துக்கு இல்லை. வாங்கி விற்பவருக்கும் இல்லை. வணிகர்களை 2021-இல் உத்யமில் சேர்த்தது வங்கிக் கடன் முன்னுரிமைக்காக மட்டுமே. அவர்களிடமும் உத்யம் சான்றிதழ் இருக்கும். காட்டினாலும் விலக்கு கிடைக்காது. உங்கள் சான்றிதழில் தொழில் வகை 'வணிகம்' என்று பதிவாகியிருக்கிறதா, நீங்கள் கொடுக்கப் போகும் பொருளின் உற்பத்திக் குறியீடு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஆலோசகர் அவசரத்தில் தட்டிய ஒரு குறியீட்டால் டெண்டரை இழந்தவர்கள் உண்டு.

விலக்கு தானாக வராது. சான்றிதழை டெண்டரோடு பதிவேற்ற வேண்டும். பிறகு கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்பதெல்லாம் எடுபடாது. இன்னொன்றும் கவனியுங்கள். முன்வைப்புத் தொகைக்குத்தான் விலக்கு. ஆர்டர் கிடைத்த பின் கேட்கும் செயல்திறன் உத்தரவாதத் தொகைக்கு இல்லை. அதை வங்கி உத்தரவாதமாகக் கொடுத்தால் உங்கள் பணத்தை வங்கி முடக்கி வைக்கும். அந்தச் செலவையும் சேர்த்து விலை போடுங்கள்.

பான், ஜிஎஸ்டி, உத்யம், வங்கிக் கணக்கு நான்கிலும் நிறுவனத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். 'எஞ்சினியரிங்' ஓரிடத்தில், 'எஞ்சினியர்ஸ்' ஓரிடத்தில் என்றிருந்தால், அதைச் சரிசெய்ய எந்த மேசைக்குப் போவது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தொழில்நுட்ப உறை, விலை உறை என்று இரண்டாகக் கேட்டால், தொழில்நுட்ப உறையில் விலை தப்பித் தவறியும் தெரியக்கூடாது. தெரிந்தால் அங்கேயே முடிந்தது. விலைப் பட்டியலுக்கான கோப்பை இறக்கி நிரப்பும்போது கோப்பின் பெயரை மாற்றாதீர்கள். அழகாக உங்கள் நிறுவனத்தின் பெயரை வைத்தால் நிராகரிப்புதான். திருத்த அறிவிப்புகளைக் கடைசி நாள் வரை பாருங்கள். தேதி மட்டுமல்ல, வரைபடமே மாறியிருக்கும்.

உள்நாட்டு மதிப்புப் பங்கு, அதாவது பொருளின் மதிப்பில் இந்தியாவிலேயே சேர்ந்த பகுதி, பற்றியும் சொல்ல வேண்டும். 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் முதல் வகுப்பு உள்நாட்டு வழங்குநர், 20-லிருந்து 50-க்குள் இரண்டாம் வகுப்பு. இறக்குமதிப் பொருளை உள்ளூர் டீலரிடம் வாங்கியதால் அது உள்நாட்டுப் பொருளாகிவிடாது. போக்குவரத்து, நிறுவல் செலவும் கணக்கில் வராது. பொய்க் கணக்குக் காட்டினால் இரண்டு ஆண்டு வரை டெண்டர் கதவே மூடப்படலாம்.

பொருளைக் கொடுத்தாகிவிட்டது, பணம் வரவில்லை. எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதுதான். 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருந்தாலும் பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் கெடு போக முடியாது. "இன்னும் இன்ஸ்பெக்ஷன் ஆகவில்லை" என்று வாயால் சொல்வார்கள். பொருள் வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தராவிட்டால், பொருள் வந்த நாளே ஏற்ற நாளாகக் கணக்கு. அதனால் பொருளை இறக்கும் அன்றே தேதியும் முத்திரையும் உள்ள ரசீதை வாங்காமல் வண்டியைத் திருப்பாதீர்கள். கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இணையதளத்தில் புகார் கொடுத்தால் அது இந்தத் தகராறுகளைத் தீர்க்கும் மாநில வசதியாக்கக் குழுவுக்குப் போகும். தீர்ப்பை எதிர்த்துப் பொருளை வாங்கியவர் வழக்குப் போட்டால், அவர் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும்.

இதற்கு உத்யம் பதிவு ஆர்டருக்கு முன்பே இருப்பது நல்லது. பணம் நிலுவையான பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தவர்கள் நீதிமன்றத்தில் தடுமாறியிருக்கிறார்கள்.

"கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும்" என்று பயந்து பல பேர் வட்டியைக் கேட்பதே இல்லை. முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். பில் எண், பொருள் இறக்கிய தேதி, எம்எஸ்எம்இ சட்டத்தின் 15 மற்றும் 16-ஆம் பிரிவுகள், கேட்கும் தொகை. விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) பதிவு வசதியோடு அனுப்பி, கொடுத்ததற்கான ஒப்புகையைக் கோப்பில் வையுங்கள்.