புது வீடு வாங்கும்போது உங்கள் பக்கம் பேச யார் இருக்கிறார்?

மாதிரி வீட்டின் வாசலில் உங்களை வரவேற்று, அறை அறையாகச் சுற்றிக்காட்டி, விலைப்பட்டியலைக் கையில் கொடுப்பவர் பில்டரின் ஊழியர். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் சம்பளம் வாங்குவது பில்டரிடம். உங்கள் பட்ஜெட் எவ்வளவு, எப்போது குடிபோக வேண்டும், வேறு எங்கெல்லாம் பார்த்தீர்கள் என்று அவர் பேச்சோடு பேச்சாகக் கேட்பதும், நீங்கள் வெள்ளந்தியாகச் சொல்வதும் விலை பேசும் நேரத்தில் பில்டர் தரப்புக்குத்தான் உதவும்.

பழைய வீடு என்றால் வீடு வாங்க உதவும் முகவரைத் தேடுபவர்கள்கூட, புது வீட்டுக்கு அவர் எதற்கு என்று நினைக்கிறார்கள். விலை அச்சிட்டபடி இருக்கிறது, வீட்டில் பழுது எதுவும் இருக்காது, நேரே போய்ப் பணம் கட்டினால் போதும் என்பது அவர்கள் கணக்கு. நிலைமை நேர்மாறானது. பழைய வீட்டை நேரில் பார்த்துவிட்டுப் பணம் தருகிறோம். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கோ, இன்னும் எழும்பாத சுவருக்கும் சேர்த்துத் தவணை கட்டுகிறோம். ஒப்பந்தத்தை எழுதுவதும் பில்டரின் வழக்கறிஞர்தான்.

முதல் முறை போகும் முன்பே

பல பில்டர்களிடம் ஒரு விதி உண்டு. வாங்குபவர் முதன்முறை வரும்போதே முகவர் கூட வந்திருக்க வேண்டும், அல்லது முன்கூட்டியே அவர் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். நீங்கள் தனியாகப் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாலோ, இணையதளத்தில் தொலைபேசி எண்ணைக் கொடுத்தாலோ, ‘நேரடி வாடிக்கையாளர்’ என்று கணக்கில் ஏறிவிடும். அதன்பின் முகவரை அழைத்துப் போனால் அவருக்குக் கமிஷன் தர மறுப்பார்கள். அவர் விலகிவிடுவார், அல்லது அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போகும் பயணத்தில்தான் இது பெரும்பாலும் நடக்கிறது. எனவே முகவரை முடிவு செய்துவிட்டு மாதிரி வீட்டுக்குப் போங்கள்.

அவருடன் என்ன பேசிக்கொண்டீர்கள் என்பது எழுத்தில் இருக்கட்டும். அமெரிக்காவில், வீட்டு முகவர்களின் அமைப்பான தேசிய ரியல்டர்கள் சங்கத்தின் வழக்குச் சமரசத்தையடுத்து 2024 ஆகஸ்ட் 17 முதல், எம்எல்எஸ் எனப்படும், முகவர்கள் தங்களுக்குள் பகிரும் விற்பனை வீடுகளின் பட்டியலைப் பயன்படுத்துபவர்கள் வீடு காட்ட அழைத்துப்போகும் முன்பே வாங்குபவரிடம் எழுத்து ஒப்பந்தம் வாங்கியாக வேண்டும். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி, பதிவு பெற்ற திட்டத்தில் வீடு விற்க உதவும் முகவரும் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அவரது பதிவு எண்ணைக் கேட்டு, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் சரிபாருங்கள். சட்டம் கட்டாயப்படுத்தாத நாட்டிலும் மூன்று விஷயங்களை எழுதிக்கொள்வது நல்லது: கமிஷன் எவ்வளவு, பில்டர் குறைவாகத் தந்தால் மீதியை யார் தருவது, முகவரின் வேலை எப்போது முடிகிறது. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முன்பதிவோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் முகவரால் புது வீட்டில் அதிகப் பயன் இல்லை. சாவி வாங்கி, குறைகள் சரியாகும்வரை உடனிருப்பார் என்று அதில் இருக்க வேண்டும்.

கமிஷனை பில்டர் தருவதால் முகவர் இலவசம் என்று சொல்வார்கள். அந்தப் பணம் விற்பனைச் செலவாக வீட்டு விலையிலேயே சேர்ந்திருக்கிறது. முகவர் இல்லாமல் போனால் அது விலையில் கழியுமா என்றால், பெரும்பாலும் கழியாது. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. கவனிக்க வேண்டிய வேறொன்று உண்டு: சில திட்டங்களுக்கு பில்டர்கள் முகவர்களுக்குக் கூடுதல் ஊக்கத்தொகை தருவார்கள். ‘இந்தத் திட்டத்தில் உங்களுக்கு என்ன கிடைக்கிறது?’ என்று நேராகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரை நம்பி இவ்வளவு பெரிய தொகையைப் போட வேண்டாம். சிங்கப்பூரில் ஒரே முகவர் இரு தரப்புக்கும் வேலை செய்வதைச் சட்டமே தடுக்கிறது. அங்கே புதுத் திட்டங்களை விற்கும் முகவர்கள் பொதுவாக பில்டர் தரப்பினர் என்பதையும் மறக்க வேண்டாம்.

எதைக் குறைத்துக் கேட்பது

அடிப்படை விலையை பில்டர் எளிதில் இறக்க மாட்டார். ஒருவருக்குக் குறைத்தால் ஏற்கெனவே வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்கள், அடுத்து விற்கப்போகும் வீடுகளின் மதிப்பீடும் இறங்கும். விலையைத் தொடாமல் தரக்கூடியவற்றை அவர் தருவார்: பதிவுச் செலவில் ஒரு பங்கு, வாகன நிறுத்துமிடம், கடன் வட்டியில் சலுகை, கூடுதல் வேலைகள். கட்டி முடித்தும் விற்காமல் நிற்கும் வீடுகள், ஒரு கட்டத்தில் மிஞ்சிய கடைசி இரண்டு மூன்று வீடுகள், கணக்கு முடிக்கும் மாதங்கள் ஆகியவற்றில்தான் அவர் அதிகம் இறங்கி வருவார். அந்த நேரத்தை அறிந்து பேசுவது முகவரின் வேலை.

கூடுதல் வேலைகளில் எதைக் கேட்பது என்பதில் பலரும் ஏமாறுகிறார்கள். சுவரை உடைக்காமல் பிறகு செய்ய முடியாதவற்றை பில்டரிடமே வாங்குங்கள்: கூடுதல் பிளக் பாயின்ட், ஏசிக்கான தனி லைன், தண்ணீர்க் குழாய், நீர்க்கசிவுத் தடுப்பு, ஜன்னல் அளவு. விளக்கு, அலமாரி, பெயின்ட், திரைச்சீலை எல்லாம் பிறகு வெளியில் பார்த்துக்கொள்ளலாம். மாதிரி வீட்டில் கண்ணைப் பறிப்பவற்றில் பாதி, அடிப்படை விலையில் வராதவை. ஒவ்வொரு பொருளின் பிராண்ட், மாடல், தடிமன் எழுதிய விவரப்பட்டியலைக் கேளுங்கள். அதில் ‘அல்லது அதற்கு இணையான’ என்ற சொற்கள் இருந்தால், எதற்கு இணை, எந்தத் தரத்துக்குக் குறையாமல் என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

பில்டர் காட்டும் வங்கியில் கடன் வாங்கினால் சலுகை என்பார்கள். வட்டி, செயலாக்கக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்துக் கடன் முடியும்வரை எவ்வளவு என்று வேறு இரு வங்கிகளோடு ஒப்பிட்ட பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். பரப்பளவிலும் கவனம் தேவை. பொது இடங்களின் பங்கையும் சேர்த்துச் சொல்லும் பெரிய எண்ணை விட்டுவிட்டு, வீட்டுக்குள் பயன்படும் தரைப்பரப்பான கார்பெட் ஏரியாவால் விலையை வகுத்துப் பாருங்கள். இந்தியச் சட்டம் கார்பெட் ஏரியாவை வரையறுக்கும்போது உள் தடுப்புச் சுவர்களைச் சேர்த்துக்கொள்கிறது. வெளிச்சுவர்கள், பால்கனி, திறந்த மொட்டைமாடி சேராது.

ஒப்பந்தம்

முகவர் வழக்கறிஞர் அல்ல. சொத்து ஒப்பந்தங்களைக் கையாளும் ஒரு வழக்கறிஞரிடம் கையெழுத்துக்கு முன் கொடுங்கள். பில்டர் பரிந்துரைத்தவராக அவர் இருக்கக் கூடாது. ஒப்படைப்புத் தேதிக்கு முன்னால் ‘உத்தேசமாக’ என்று இருக்கிறதா, அந்தத் தேதிக்கு மேல் பில்டர் எடுத்துக்கொள்ளும் சலுகைக்காலம் எத்தனை மாதம், தாமதமானால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை முதலில் பாருங்கள். நீங்கள் தவணை தவறினால் ஒரு வட்டி, அவர் தாமதித்தால் சொற்பத் தொகை என்று இருப்பது வழக்கம். இந்தியச் சட்டம் இரு தரப்புக்கும் ஒரே வட்டி விகிதத்தை வைத்திருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவும் அது தடை விதிக்கிறது. கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பி வருமா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

வாய்வார்த்தைக்கு இங்கே மதிப்பில்லை. ‘இந்த ஒப்பந்தத்தில் இல்லாத எந்த உறுதிமொழியும் செல்லாது’ என்ற வரி ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களிலும் இருக்கும். எதிரே பூங்கா வரும் என்று விற்பனையாளர் சொன்னால், அன்றே மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு, பதிலை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேருங்கள். சேர்க்க மறுத்தால், அந்த உறுதிமொழியை இல்லாததாகவே வைத்து முடிவெடுங்கள்.

புதிது என்பதற்காக ஆய்வை விடாதீர்கள்

உள்ளாட்சி அதிகாரி வந்து பார்ப்பது குறைந்தபட்ச விதிகளுக்காக. உங்கள் சார்பில் ஒரு பொறியாளர் மூன்று முறை பார்க்க வேண்டும்: அடித்தளத்தில் கான்கிரீட் கொட்டுவதற்கு முன், வயரிங்கும் குழாயும் போட்டுச் சுவர் மூடுவதற்கு முன், ஒப்படைப்புக்கு முன். இரண்டாவது முறையை விட்டால், மறைந்துபோனதைப் பிறகு பார்க்கவே முடியாது. அப்போது ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவோடு புகைப்படம் எடுத்து வையுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போதுகூட உதவும். ஆய்வுக்கு அனுமதி உண்டு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதாவிட்டால், பாதுகாப்புக் காரணம் சொல்லி உள்ளே விட மாட்டார்கள்.

கடைசி ஆய்வில் குளியலறைத் தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். தேங்காமல் வடிகாலுக்கு ஓடினால் வாட்டம் சரி. டைல்ஸ் பதிக்கும் முன்பு 24 மணி நேரம் தண்ணீர் கட்டிவைத்துக் கீழ்த்தளக் கூரையில் ஓதம் தெரிகிறதா என்று பார்த்தார்களா என்று கேளுங்கள். பதித்த டைல்ஸை நாணயத்தால் தட்டினால், அடியில் கலவை பிடிக்காத இடம் வெற்று ஒலி தரும். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து நீரழுத்தம் பாருங்கள். ஒவ்வொரு பிளக்கையும் சோதித்து, மின்கசிவுத் தடுப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே மின்சாரம் நிற்க வேண்டும். குறை உள்ள இடங்களில் டேப் ஒட்டி, எண் போட்டு, படம் எடுத்து, பட்டியலில் பில்டரின் கையெழுத்தும் சரிசெய்யும் தேதியும் வாங்குங்கள்.

‘எல்லாம் திருப்தி’ என்ற படிவத்தில் அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள். அன்றைக்கே சாவி வேண்டும் என்ற அவசரம் உங்களுக்கு இருக்கும். தனக்கு வர வேண்டிய கமிஷனுக்காக முகவரும் அவசரப்படலாம். முகவர் யார் பக்கம் என்பது அந்த நாளில் தெரிந்துவிடும்.

குடிபோன பிறகும் உரிமை உண்டு, கால எல்லையோடு. இந்தியாவில் கட்டமைப்பு, வேலைத்தரக் குறைகளுக்கு ஒப்படைப்பிலிருந்து 5 ஆண்டுகள். தெரிவித்த 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். மலேசியாவில் 24 மாதங்கள். சிங்கப்பூரில் வழக்கமாக 12 மாதங்கள். குறையைத் தொலைபேசியில் சொன்னதோடு விடாமல், தேதியோடு எழுத்தில் அனுப்புங்கள். ஓராண்டு உத்தரவாதம் என்றால் 11-ஆம் மாதத்தில் அதே பொறியாளரை மறுபடி அழையுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் கடந்த சுவரில் ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், பூச்சில் தெரியும் மயிரிழை விரிசலைவிடக் கவனிக்க வேண்டியது. அதைப் படத்தோடு பட்டியலில் முதலில் எழுதுங்கள்.