கரண்ட் கொடுத்த ஸ்விட்ச்சை ஸ்டாக்கில் சேர்க்காதீர்கள்

ஒரு கல்லூரியின் இரண்டாவது மாடி ரேக். மூன்று சிஸ்கோ கேட்டலிஸ்ட் 3850 ஸ்விட்ச்சுகள் (கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டிகள்) ஒரே ஸ்டாக்காக, அதாவது கேபிளால் இணைந்து ஒரே ஸ்விட்ச் போல ஓடிக்கொண்டிருந்தன. புது லேபுக்காக நான்காவது ஒன்று வேண்டும். வேறு கட்டடத்தில் கழற்றி வைத்த ஸ்பேர் கையில் இருந்தது. பொருத்த வந்தவர் அதற்குக் கரண்ட் கொடுத்து, பச்சை விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, அப்படியே பின்னால் ஸ்டாக் கேபிளைச் செருகினார். கொஞ்ச நேரத்தில் மாடி முழுக்க நெட் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மூன்றும் ரீபூட் ஆகிக்கொண்டிருந்தன.

ஸ்டாக்கில் ஒரு ஸ்விட்ச்தான் தலைமை. அதற்கு ஆக்டிவ் என்று பெயர். யார் ஆக்டிவ் என்பதை முதலில் பிரியாரிட்டி எண் முடிவு செய்யும். 1 முதல் 15 வரை வைக்கலாம், நாம் எதுவும் மாற்றாவிட்டால் 1. இந்த எண் அந்தந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். கழற்றினாலும் போகாது, கன்ஃபிக்கை (செட்டிங்குகளை) அழித்தாலும் போகாது. அந்த ஸ்பேர் பழைய இடத்தில் ஆக்டிவாக இருந்தது; பிரியாரிட்டி 15. இங்கே மூன்றும் 1. உயிரோடு இருக்கும் இரண்டு ஆக்டிவ்கள் சந்தித்தால் தேர்தல் நடக்கும். தோற்ற பக்கம் மொத்தமாக ரீபூட் ஆகி, ஜெயித்தவரின் கன்ஃபிக்கை எடுத்துக்கொள்ளும். அதுதான் நடந்தது.

கன்ஃபிக் பேக்கப் இருந்தது. ஆனாலும் உடனே சரியாகவில்லை. ஸ்டாக்கில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு மெம்பர் எண் உண்டு. ஸ்பேரின் எண்ணும் 1, பழைய முதல் பெட்டியின் எண்ணும் 1. ஜெயித்தது தன் எண்ணை வைத்துக்கொண்டது. பழையது 4 ஆகிவிட்டது. போர்ட் பெயரில் முதலில் வருவது இந்த மெம்பர் எண்தான்; அதனால் பேக்கப்பில் 1/0/14 என்று இருந்த போர்ட் இப்போது வேறு பெட்டியில். எண்களைத் திருப்பி மாற்றி, மறுபடி ரீலோட் செய்த பிறகுதான் போன்களும் வைஃபையும் வந்தன.

அதனால் ஸ்பேரை முதலில் மேசையில் வைத்துத் தனியாக கன்சோலில் (லேப்டாப்பை நேரடியாக இணைக்கும் போர்ட்டில்) பாருங்கள். ‘ஷோ ஸ்விட்ச்’ அடித்தால் எண்ணும் பிரியாரிட்டியும் தெரியும். பிரியாரிட்டியை 1 ஆக்குங்கள், வரப்போகும் எண்ணைக் கொடுங்கள், ஸ்டாக்கில் ஓடும் அதே ஐஓஎஸ் (ஸ்விட்ச்சின் மென்பொருள்) வெர்ஷனை ஏற்றுங்கள். அப்புறம் கரண்டை எடுத்துவிட்டு ரேக்கில் ஏற்றி, கேபிளைப் போட்டு, கடைசியாக ஆன் செய்யுங்கள். ஆக்டிவுக்கு 15, அது விழுந்தால் பொறுப்பேற்கும் ஸ்டாண்ட்பைக்கு 14 என்று நீங்களே வைத்துவிடுங்கள். எல்லாம் 1 ஆகவே இருந்தால், மொத்தமாகக் கரண்ட் போய் வரும்போது மேக் முகவரி (தயாரிக்கும்போதே பெட்டிக்குக் கொடுக்கும் தனி எண்) குறைவாக உள்ள பெட்டி ஜெயிக்கும். அது பெரும்பாலும் இருப்பதிலேயே பழைய பெட்டியாக இருக்கும்.

கேபிள் விஷயமும் உண்டு. ஸ்டாக் கேபிள்கள் வளையமாகப் போகும். ஒன்று தளர்ந்தால் வேலை நிற்காது, வேகம் பாதியாகும், யாருக்கும் தெரியாது. அடுத்து இன்னொரு கேபிளும் விட்டால் ஸ்டாக் இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியும் ஒரே ஐபி முகவரியோடு நெட்வொர்க்கில் நிற்கும். புது பெட்டியை நுழைக்கும்போதும் வளையத்தை ஒரே இடத்தில் மட்டும் பிரியுங்கள். எந்த இடத்துக்குப் போனாலும் நான் முதலில் ‘ஷோ ஸ்விட்ச் ஸ்டாக்-போர்ட்ஸ்’ அடித்து எல்லாம் ‘ஓகே’ என்று இருக்கிறதா பார்ப்பேன். பிறகு ரேக்கின் பின்னால் போய், கேபிளின் இரண்டு திருகுகளையும் விரலால் திருகிப் பார்ப்பேன்.