பில்ட் தாமதமானால் டெப்ளாய்மென்ட் ஆபத்தாகும்

பெரிய பொறியாளர் குழுக்களில் பில்ட் (எழுதிய நிரலை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றிச் சோதிப்பது) முடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை நிர்வாகம் பெரும்பாலும் ஒரு வசதிக் குறைவாகவே பார்க்கிறது. பல ஆண்டுகளாக பில்ட், ரிலீஸ் வேலைகளையே பார்த்து வரும் நான், அதைப் பாதுகாப்பு தொடர்பான விஷயமாகக் கருத வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கணக்கு எளிமையானது. ஒரு மாற்றத்தைச் சோதித்து மெயின் பிராஞ்சில் (குழு முழுவதும் பகிரும் முதன்மை நிரலில்) சேர்க்க 30 நிமிடம் ஆகிறது, ஒன்று முடிந்த பிறகே அடுத்ததை எடுக்க முடியும் என்றால், இயந்திரம் இரவு பகலாக ஓடினாலும் ஒரு நாளில் 48 மாற்றங்களுக்கு மேல் உள்ளே போகாது. 20 பேர் உள்ள குழுவுக்கு அது தாராளம். 200 பேர் ஆளுக்கு ஒரு மாற்றம் கொடுத்தாலோ வரிசை நான்கு நாளைத் தாண்டும். காத்திருந்து அலுத்தவர்கள் ஒரு வார வேலையை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பத் தொடங்குவார்கள். அந்த மூட்டையை வரிவரியாகப் படித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. அது புரொடக்‌ஷனுக்குப் (வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் சர்வர்களுக்கு) போய் ஏதாவது உடைந்தால், முந்நூறு மாற்றங்களுக்குள் எது குற்றவாளி என்று நள்ளிரவில் தேட வேண்டியிருக்கும்.

தாமதத்துக்குத் துணை போவது நம்பகமற்ற சோதனைகள். ஆயிரம் சோதனைகளில் ஒவ்வொன்றும் ஆயிரத்தில் ஒரு முறை மட்டுமே காரணமின்றித் தோற்கும் என்று வைத்துக்கொண்டாலும், நிரலில் பிழையே இல்லாத நிலையில், நூறு பில்டுகளில் ஏறக்குறைய 37 மட்டுமே பச்சையாக, அதாவது தோல்வியின்றி முடியும். மற்றவற்றுக்கெல்லாம் யாராவது ரீரன் பட்டனை அழுத்தியாக வேண்டும்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், இன்றைய தேதியைச் சரிபார்க்கும் சோதனை ஒன்று இருந்தது. அது ஒரு பக்கம் யூடிசி (உலகப் பொது நேரம்) தேதியையும் மறுபக்கம் இந்தியத் தேதியையும் எடுத்து ஒப்பிட்டது. நமது நேரம் ஐந்தரை மணி முன்னே இருப்பதால், நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5.30 வரை இரண்டும் வெவ்வேறு தேதிகள். பகலில் வேலை செய்தவர்கள் அந்தச் சோதனை தோற்றதைப் பார்த்ததே இல்லை; இரவு ஒரு மணிக்கு ரிலீஸ் செய்தவர்கள் அது வென்றதைப் பார்த்ததே இல்லை. சிவப்பைக் கண்டால் கடந்து போவது இரவுக் குழுவின் வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் அதற்கு அடுத்த வரியில் இன்னொரு சிவப்பும் இருந்தது. வரித் தொகையைச் சரிபார்க்கும் சோதனை அது. அதையும் கடந்து போனார்கள். காலையில் தவறான பில் தொகையோடு வாடிக்கையாளர்களின் அழைப்புகள் வரத் தொடங்கின. அந்த இரவில் பணியில் இருந்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எச்சரிக்கையை மதிக்காமல் இருக்க மாதக்கணக்கில் அவரைப் பழக்கியவர்கள் நாங்கள்தான்.

தீர்வின் பெரும்பகுதி, மாறாததை மறுபடி பில்ட் செய்யாமல் இருப்பதில் இருக்கிறது. கூகுள் பொறியாளர்கள் 2016-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அவர்களுடைய ஒரே களஞ்சியத்தில் சுமார் 200 கோடி வரி நிரல் இருந்தது. வேலை நாள் ஒன்றில், மனிதர்களும் தானியங்கிகளுமாகச் சேர்த்து 40,000 மாற்றங்கள் அதற்குள் போயின. பில்ட் செய்ய வேண்டிய ஒவ்வொரு பகுதியும் எதையெல்லாம் சார்ந்திருக்கிறது என்பதை முழுமையாக எழுதி வைத்து, உள்ளீடுகளின் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சுருக்க அடையாளம்) மாறாவிட்டால், கேஷில் (முன்பு பில்ட் செய்ததைச் சேமித்து வைக்கும் இடம்) உள்ள விளைவையே எடுத்துக்கொள்வது அவர்களுடைய பில்ட் முறையின் அடிப்படை. அவர்கள் 2015-இல் பொதுவெளிக்குத் தந்த பேஸல் கருவியும் அதைத்தான் செய்கிறது. ஆனால் கருவியை நிறுவிய உடனே வேகம் வந்துவிடாது. ஒரு சி++ திட்டத்தில் பில்ட் செய்த நேரத்தைப் பதிக்கும் வரி, எல்லாக் கோப்புகளும் சேர்த்துக்கொள்ளும் ஒரு ஹெடர் கோப்பில் இருந்தது. வினாடிக்கு வினாடி அது மாறியதால் கேஷ் ஒரு முறைகூடப் பயன்படவில்லை. அந்த ஒரு வரியைக் கடைசியில் இணையும் தனிக் கோப்புக்கு மாற்றினோம். மதியச் சாப்பாட்டுக்குப் போய் வரும் நேரம் எடுத்த பில்ட், தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது.

அரிதாக நடக்கும் டெப்ளாய்மென்ட் (பில்ட் ஆன நிரலை சர்வர்களில் போடுவது) கைவேலையாகவே தங்கிவிடும் என்பது அடுத்த ஆபத்து. அமெரிக்காவின் நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1 அன்று பட்ட அடி இதற்குச் சான்று. புதிய நிரலை எட்டு சர்வர்களில் போட வேண்டும். ஊழியர் ஏழில் போட்டார், ஒன்று விடுபட்டது, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதியும் இல்லை. 2003-லிருந்து பயன்பாட்டில் இல்லாத பழைய நிரல் ஒன்று அழிக்கப்படாமல் கிடந்தது. அதை இயக்கி வந்த பழைய சுவிட்சையே (flag) புதிய வசதியும் பயன்படுத்தியதால், எட்டாவது சர்வரில் அது விழித்துக்கொண்டது. 45 நிமிடங்களில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள், 46 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். பதற்றத்தில், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். பழைய நிரல் அவற்றிலும் ஓடத் தொடங்கி நிலைமை மேலும் மோசமானது. எந்த சர்வரில் எது ஓடுகிறது என்று தெரியாதபோது பழைய பதிப்புக்குத் திரும்பும் ரோல்பேக்கும் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் வேலைதான்.

ஒரே நேரத்தில் எல்லா இடத்துக்கும் அனுப்புவதும் அப்படித்தான். 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய பழுதான கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. ஃபேஸ்புக் 2017-இல் விளக்கிய முறையிலோ மாற்றம் முதலில் ஊழியர்களுக்கும், பிறகு 2 சதவீத சர்வர்களுக்கும், அதன் பின்னரே எல்லோருக்கும் போகிறது.

எங்கள் குழுவில் இப்போது ஒவ்வொரு ரிலீஸுக்கும் ஒரே ஒரு இமேஜ்தான் (நிரலையும் அது ஓடத் தேவையானவற்றையும் சேர்த்த பொதி) பில்ட் ஆகிறது. சோதனைச் சூழலில் ஓடிய அதே இமேஜ்தான் புரொடக்‌ஷனுக்கும் போகிறது. டெப்ளாய் முடிந்ததும் ஒரு ஸ்கிரிப்ட் ஒவ்வொரு சர்வரிடமும் அதன் ஹேஷைக் கேட்கிறது. பொருந்தாத சர்வருக்கு டிராஃபிக் திறக்காது. மாதம் ஒருமுறை, பிரச்சினை எதுவும் இல்லாத ஒரு நாளில், எல்லோரும் இருக்கையில் இருக்கும் காலை 11 மணிக்கு, முந்தைய பதிப்புக்கு ரோல்பேக் செய்து பார்க்கிறோம். முதல் முறை செய்தபோது, டேட்டாபேஸில் பெயர் மாற்றியிருந்த ஒரு நெடுவரிசையைப் (column) பழைய பதிப்பால் படிக்க முடியவில்லை. அன்றிலிருந்து நெடுவரிசையின் பெயரை ஒரே ரிலீஸில் மாற்றுவதில்லை. புதியதைச் சேர்ப்பது ஒரு ரிலீஸ், பழையதை நீக்குவது வேறொரு ரிலீஸ்.