ஜாக்கெட்டில் நிஜ மயிலிறகு வேண்டுமா? கொஞ்சம் பொறுங்கள்

"ஜாக்கெட் கையில் நிஜ மயிலிறகு வைத்துத் தைத்துத் தருவீர்களா?" இந்தக் கல்யாண சீசனில் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். காரைக்குடியில் தையலும் ஆரி என்கிற கொக்கி ஊசி எம்பிராய்டரி வேலையும் செய்கிறவள் நான். பக்கத்திலேயே குன்றக்குடி முருகன், அந்த மலையையே மயில் என்று சொல்கிற ஊர்க்காரர்கள் நாம், தை மாதம் பழனிக்குக் காவடியோடு நடக்கிறவர்கள். மயில்மேல் ஆசை வராமல் இருந்தால்தான் அதிசயம். ஆனாலும் உடுப்பில் நிஜ இறகு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மயில் 1963 முதல் தேசியப் பறவை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. தானாக உதிர்ந்த இறகை உள்நாட்டில் விற்கலாம், மயிலைக் கொன்று எடுத்தால் சிறை. உதிர்ந்ததில் அடித்தண்டு சுத்தமாக முடியும், பிடுங்கியதில் ரத்தக் கறை இருக்கலாம், அதனால் தண்டை நறுக்கி விற்பதை நான் தொடுவதே இல்லை. அப்புறம் நம்மூரில் முக்கால்வாசி வீட்டில் யாராவது சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிறார்கள். மயிலிறகையும் அதில் செய்த பொருளையும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடை, விசேஷம் முடிந்து பெட்டியில் வைத்தால் ஏர்போர்ட்டில் மாட்டிக்கொள்வீர்கள். துவைக்கவும் முடியாது, பீரோவில் பூச்சி அரிக்கும்.

சரி, மயிலை எப்படித்தான் உடுத்துவது? மயில்கழுத்து நிறத்தைக் கேளுங்கள். பாவு (நீளவாக்கு நூல்) நீலம், ஊடை (குறுக்கு நூல்) பச்சை என்று இரண்டு நிற நூலில் நெய்வதால்தான் அசையும்போது மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறுகிறது. மயிலின் உடம்பிலும் நீலச் சாயம் கிடையாது, இறகின் நுண்ணிய அமைப்பில் வெளிச்சம் பட்டுத்தான் அந்த நீலம். கடையில் டபுள் ஷேட் என்று எதையாவது நீட்டினால், ஜாக்கெட் பிட்டின் வெட்டிய ஓரத்தில் நீளவாக்கில் ஒரு நூல், குறுக்குவாக்கில் ஒரு நூல் உருவிப் பாருங்கள். இரண்டும் ஒரே நிறமென்றால் அது மயில்கழுத்து இல்லை.

மயில் பிரிண்ட் போட்டு 'செட்டிநாட்டுக் கண்டாங்கி' சேலை என்று விற்பதும் நடக்கிறது. ஜாக்கெட் தைக்க வந்த ஒரு பெண் அப்படி ஒன்றைக் காட்டியபோது கூட வந்த அவள் ஆச்சி, "கண்டாங்கியில ஏது ஆத்தா மயிலு?" என்று சிரித்துவிட்டார். கட்டமும் அகலக் கரையும்தான் அதன் முகம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை அது. கடைசியில் அரக்குக் கண்டாங்கிக்கு மயில்கழுத்து ஜாக்கெட், முதுகில் ஒரே ஒரு ஆரி மயில் என்று முடிவானது. ஒன்று போதும், கை, கழுத்து, முந்தி என்று எல்லா இடத்திலும் தோகை விரித்தால் கட்டியிருக்கும் பெண்ணையே காணோம். (தோகை ஆண் மயிலுக்குத்தான், அது வேறு கதை.)

தைக்கக் கொடுக்கும் முன் மயில்கழுத்துப் பட்டின் மூலையை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். நீலம் ஒட்டினால் வெள்ளை லைனிங் வேண்டாம் என்று தையல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வியர்வையில் அக்குள் பக்கம் முழுக்கச் சாயம் இறங்கிவிடும்.