ஊசிக்கு அருகில் விரியும் வளையம்

"தையல் மெஷினில் மேலே தையல் அழகாக விழுகிறது. துணியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கிக் கிடக்கிறது. பாபின் கேஸை (கீழ்நூல் சுற்றிய பாபின் உட்காரும் கூட்டை) மாற்றிவிடலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். காசைச் செலவழிக்க வேண்டாம். அடியில் விழும் சிக்கலுக்குப் பெரும்பாலும் மேல்நூல்தான் காரணம். துணிக்குக் கீழே ஊசி என்ன செய்கிறது என்று பார்த்தால் இது விளங்கிவிடும்.

கைத்தையல் ஊசிக்குக் காது பின்முனையில். மெஷின் ஊசிக்குக் கூர்முனைக்குப் பக்கத்தில். 1846இல் தையல் மெஷினுக்குக் காப்புரிமை பெற்ற எலியாஸ் ஹவ், இதைக் கனவில் கண்டார் என்று ஒரு கதை உலவுகிறது. ஆனால் அவருக்கு முன்பே, 1830களில், வால்டர் ஹண்ட் முனையில் காது வைத்த ஊசியால் தைத்துக் காட்டியிருந்தார். பட்டறையில் பாடுபட்டுக் கண்டதைக் கனவின் கணக்கில் எழுதுவது உழைத்தவருக்குச் செய்யும் அநியாயம்.

மெஷின் ஊசி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் நெடுக ஒரு பள்ளம் ஓடும். மறுபக்கத்தில், காதுக்குச் சற்று மேலே, இழைத்து எடுத்ததுபோல ஒரு குழிவு இருக்கும். ஊசி இறங்கும்போது நூல் பள்ளத்துக்குள் பதுங்கிக்கொள்வதால் துணியில் உரசாமல் போகிறது. அடிமட்டத்தைத் தொட்டபின் ஊசி ஏறத்தாழ 2 மி.மீ. மேலே எழும்புகிறது. தையலின் உயிர் அந்த 2 மி.மீட்டரில்தான் இருக்கிறது. பள்ளத்தில் கிடக்கும் நூல் ஊசியோடு தாராளமாக ஏறிவிடும். குழிவுப் பக்கத்து நூலுக்குப் பதுங்க இடமில்லை. ஊசிக்கும் துணிக்கும் நடுவில் நெரிபட்டு, மேலே போக முடியாமல் நின்றுவிடும். ஏறவும் வழியில்லாமல் இறங்கவும் வழியில்லாமல் அது பக்கவாட்டில் வீங்கி வளையமாக விரிகிறது. அதே நொடியில், துணிக்குக் கீழே கொக்கிபோல இயங்கும் ஷட்டிலின் கூர்முனை வந்து வளையத்துக்குள் நுழைந்துவிடுகிறது. வெறும் உராய்வைக் கொண்டு இப்படி ஒரு வாசல் திறக்க முடியும் என்பது எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத அதிசயம்.

ஷட்டில் வளையத்தை இழுத்து விரித்து, பாபின் முழுவதையும் அதன் வழியே தாண்டச் செய்கிறது. பிறகு மேலே இருக்கும் நெம்புகோல் உயர்ந்து, மிஞ்சிய நூலைச் சுருக்கி முடிச்சை இறுக்குகிறது. ஒரு தையலுக்குச் செலவாவது சில மி.மீ. நூல்தான்; கீழே போய்த் திரும்புவதோ பல செ.மீ. ஆகவே ஒரே இடத்து நூல் துணியில் சேருமுன் பல பத்துத் தடவை ஊசிக் காதில் உரசுகிறது. நாள்பட்ட நூல் இதனால்தான் பிசிறி அறுகிறது. கையால் இழுத்தாலே பொட்டென்று அறும் பழைய நூலை, பிறகு பிரிக்கப்போகும் தற்காலிக ஓட்டுத் தையலுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

இனி வாசகியின் சிக்கல். நெம்புகோல் உயரும்போது டென்ஷன் தட்டுகள் நூலை இறுகப் பிடித்திருந்தால், கீழே இருக்கும் வளையம் மேலே வந்தே தீர வேண்டும். பிடி இல்லையென்றால் நெம்புகோல் சுலபமான வழியில் நூற்கண்டிலிருந்து புது நூலை இழுத்துக்கொள்ளும். வளையம் அடியிலேயே தங்கும். பத்துத் தையலில் கொத்தாகிவிடும். துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபூட்டை இறக்கிவைத்துவிட்டு நூல் கோத்தால் தட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே போகாது. ஃபூட்டைத் தூக்கிவிட்டு மறுபடி நூலைக் கோத்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபூட்டை இறக்கி, நூலை இழுத்துப் பாருங்கள். பிடிமானம் தெரிய வேண்டும். பாபின் கேஸின் சிறு திருகைத் தொடவே வேண்டாம். சந்தேகம் தீராவிட்டால் மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் போட்டுக் கழிவுத் துணியில் தைத்துப் பாருங்கள்: மேல்நூலின் நிறம் அடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷனை அரைச் சுற்று கூட்டுங்கள்.

தையல் விட்டுப்போவதும் வளையத்தின் கோளாறுதான். முனை மழுங்கிய ஊசி ஏறும்போது துணியையும் தூக்கிக்கொண்டு வரும். நெரிபட இடமில்லாததால் வளையம் விரியாது. ஊசியைத் திருப்பி மாட்டியிருந்தாலும் இதே கதை: வீட்டு மெஷின் ஊசியின் தட்டைப் பக்கம் ஷட்டில் முனை வரும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். சுமார் 8 மணி நேரத் தையலுக்கு ஒருமுறை ஊசியை மாற்றுவது, பாழாகும் நூலையும் துணியையும் விடச் சிக்கனம். நடுத்தரப் பருத்திக்கு 14ஆம் எண் ஊசி, ஜீன்ஸுக்கு 16. நூலுக்கு ஏற்ற ஊசியா என்று பார்க்க, தனி ஊசியில் 30 செ.மீ. நூலைக் கோத்து, சரிவாக இழுத்துப் பிடியுங்கள். ஊசி தானாக வழுக்கி இறங்க வேண்டும். நின்றுவிட்டால் ஒரு எண் பெரிதாக எடுங்கள்.

துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பவர்களுக்கு நூல் வீணாவது தொடக்கத்திலும் முடிவிலும்தான். முதல் தையலில் நூலின் வால் தளர்ந்திருப்பதால் வளையம் அதையும் கீழே இழுத்துக்கொள்ளும். துணியின் மூலை ஊசி இறங்கும் ஓட்டைக்குள் சிக்கும். விரலகலக் கழிவுத் துணி ஒன்றில் தைக்கத் தொடங்கி, நூலை அறுக்காமல் அடுத்தடுத்த துண்டு ஜோடிகளைத் தோரணம்போல ஓட்டுங்கள். நடுவில் இரண்டு மூன்று தையல் நூல் மட்டும் ஓடினால் போதும், அங்கே வெட்டிப் பிரிக்கலாம். ஒவ்வொரு ஜோடிக்கும் மேல், கீழ் நூல்களில் 10 செ.மீ. வீதம் மிச்சம் என்றால், 100 ஜோடிக்கு 20 மீட்டர் நூல். கடைசியில் இன்னொரு கழிவுத் துண்டில் தையலை முடித்து, அதை ஃபூட்டுக்கு அடியிலேயே விட்டுவையுங்கள். அடுத்த வரிசைக்கு அதுவே தொடக்கத் துண்டு.