ஆர்க்டிக் கடலடிக்குச் சோறு எங்கிருந்து வருகிறது?

கடலடிச் சேற்றைச் சலித்து, அதில் என்ன வாழ்கிறது என்று எண்ணுவதுதான் என் தொழில். ஆர்க்டிக் பற்றிப் பேசப் போகும் இடங்களில் பனிக்கரடிக்கு அடுத்தபடியாக வரும் கேள்வி ஒன்று உண்டு. "பனி உருகினால் வெளிச்சம் கூடும், பாசி பெருகும், மீன் வரும். கடலுக்கு நல்லதுதானே?" பாசியும் மீனும் கூடுகின்றன என்பது பல இடங்களில் சரிதான். நல்லதா என்பதற்குச் சேறு வேறு பதில் வைத்திருக்கிறது.

அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே பெரிங் நீரிணை, சுமார் 85 கி.மீ. அகலம். வடக்கே சுக்சி கடல், தெற்கே வட பெரிங் கடல். இரண்டுமே ஆழமற்ற கண்டத்திட்டு, அதாவது கடலுக்குள் நீளும் நிலத்தின் விளிம்பு. பெரும்பாலான இடங்களில் ஆழம் சுமார் 50 மீட்டர்தான். வசந்தத்தில் பனிக்கட்டியின் அடியில் பழுப்பாகப் பாசி படியும். பனி விலகியதும் தண்ணீரிலும் பெருகும். அதை மேய வேண்டிய கோப்பிபாட் போன்ற மிதவை உயிரிகள் அந்தக் குளிரில் மெதுவாகத்தான் வளரும். அவை பெருகுவதற்குள் பாசி மூழ்கி, புதுசு கெடாமல் தரைக்கு வந்துவிடும். மேலே பந்திக்கு ஆள் வராததால் கீழே விருந்து.

அந்த விருந்தைச் சல்லடையில் பார்க்கலாம். வான் வீன் கிராப் என்ற இரும்பு வாளி ஒரு முறை கடித்தால் பத்தில் ஒரு சதுர மீட்டர் தரை மேலே வரும். அதை 1 மி.மீ. சல்லடையில் கொட்டி, கடல்நீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். விரல் மரத்துப்போகும், களிச்சேறு லேசில் கரையாது. கரைந்த பிறகு மிஞ்சுவதைப் பாருங்கள்: நகம் அளவு மக்கோமா மட்டிகள், நூல் நூலாகப் புழுக்கள், கை உடைந்த நட்சத்திர உயிரிகள், சேற்றுத் துகளால் தானே கட்டிய குழாய்க்குள் ஒளிந்திருக்கும் ஆம்பெலிஸ்கா. கடைசியில் சொன்னது இறாலுக்குத் தூரத்து உறவு. நல்ல இடத்தில் போட்ட கிராப் என்றால் சல்லடையைத் தூக்கவே கனக்கும்.

இவற்றை நம்பித்தான் பெரிய உயிர்கள். வால்ரஸ் தந்தத்தால் தரையைத் தோண்டுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது மீசையால் தடவி மட்டியைக் கண்டுபிடித்து, சதையை மட்டும் உறிஞ்சிவிட்டு ஓடுகளை விட்டுவிடும். சாம்பல் திமிங்கிலம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சேற்றோடு உறிஞ்சி, ஆம்பெலிஸ்காவை வடிகட்டித் தின்னும். வட பெரிங் கடலில் உள்ள செயின்ட் லாரன்ஸ் தீவின் பூர்வகுடிகளான யூபிக் மக்கள் வால்ரஸை வேட்டையாடி உண்பவர்கள். பாசி, மட்டி, வால்ரஸ், மனிதர்: சங்கிலியில் கண்ணி நாலே நாலு. அதனால் அடியில் குறைந்தால் மேலே தெரிய வெகுகாலம் ஆகாது.

தண்ணீர் சூடானால் மேயும் உயிரிகள் சுறுசுறுப்பாகி, பாசியை வழியிலேயே தின்று தீர்த்துவிடும். கீழே வந்து சேர்வது குறையும். அப்புறம் மீன். குளிர்காலத்தில் கடல் உறையும்போது உருவாகும் உப்புக் கனத்த குளிர்நீர், கோடையிலும் 2 டிகிரிக்குக் கீழே அடியில் தங்கியிருக்கும். பொல்லாக் மீனும் காட் மீனும் அந்த வேலியைத் தாண்டத் தயங்கும். 2018-ல் பெரிங் கடலின் குளிர்காலப் பனி அதுவரை பதிவானதிலேயே மிகக் குறைவாக இருந்தது. அந்தக் கோடையில் வேலி ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. மீன்கள் கூட்டமாக வடக்கே வந்தன. அவற்றில் காட் மீன் நண்டு, புழு என்று தரையில் கிடைப்பதையும் விடாது.

கிழக்கு பெரிங் கடலில் 2018-க்குப் பிறகு 1,000 கோடிக்கும் மேற்பட்ட பனி நண்டுகள் காணாமல் போயின. 2022-ல் அலாஸ்கா அந்த நண்டுப் பிடிப்பை முதன்முறையாக மூடியது. அந்த நண்டுகளைக் கொன்றது நேரடியாகச் சூடு இல்லை, பட்டினி என்கிறது 2023-ல் வெளிவந்த ஆய்வு: வெதுவெதுப்பான தண்ணீரில் தீனித் தேவை கூடியது, நெரிசலும் இருந்தது, போதுமான இரை இல்லை. சாம்பல் திமிங்கிலங்களும் 2019 முதல் 2023 வரை மெக்சிகோவிலிருந்து அலாஸ்கா வரை நூற்றுக்கணக்கில் செத்துக் கரை ஒதுங்கின, பல எலும்பும் தோலுமாக. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா சுட்டிய காரணம், வடக்கே அவற்றின் மேய்ச்சல் இடங்களில் ஏற்பட்ட மாற்றம்.

பாசி பெருகியதைச் செயற்கைக்கோள் காட்டிவிடும். அது தரைக்கு வந்ததா என்று அறிய ஆண்டுதோறும் அதே இடத்துச் சேற்றை அள்ளித்தான் ஆக வேண்டும். 2010 முதல் பல நாட்டுக் கப்பல்கள் பெரிங், சுக்சி பகுதிகளில் குறித்து வைத்த இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய் இதைச் செய்கின்றன. எனவே "ஆர்க்டிக் பசுமையாகிறது" என்ற செய்தியைப் படித்தால், மேலேயா கீழேயா என்று ஒரு கேள்வி கேட்டுவையுங்கள்.

இப்போதைக்கு ஒரு காப்பு இருக்கிறது. வட பெரிங் கடலில் தரையைச் சுரண்டும் இழுவலைக்கு அமெரிக்கா 2008-ல் தடை போட்டது. தன் பக்கத்துச் சுக்சி கடலை 2009-ல் வணிக மீன்பிடிக்கே மூடியது. மீன் வடக்கே போனால் அங்கே வலை வீசவும் அனுமதி கேட்கும் குரல் பின்னாலேயே வரும். அந்தப் பேச்சில் எத்தனை டன் மீன் என்ற கணக்கோடு, சல்லடைக் கணக்கும் மேசைக்கு வந்தாக வேண்டும் என்பது என் கட்சி.