பிளக்கைப் பிடுங்கியாச்சே, இன்னும் என்ன பயம்?

போன மாதம் கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கும் பெரிய வீடு. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்காகத் திறந்து கூட்டிப் பெருக்கி, வெளியூர்ப் பங்காளிகள் எல்லாம் வந்து இறங்கியிருந்தார்கள். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஓர் அறையில், பித்தளை அண்டாவுக்கும் ட்ரங்குப் பெட்டிக்கும் நடுவில், 15 இன்ச் கம்ப்யூட்டர் மானிட்டர் ஒன்று கிடந்திருக்கிறது. முதுகு துருத்திக்கொண்டிருக்கும் பழைய பிக்சர் டியூப் ரகம், நாங்கள் குழாய் என்போம். சென்னையில் படிக்கும் பேரனுக்கு அதில் பழைய கேம் விளையாட ஆசை. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, படம் இல்லை. உடனே வீடியோ ஒன்றைப் பார்த்துக்கொண்டே மூடியைக் கழற்றிவிட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது, அப்போதுதான் துடைத்த ஆத்தங்குடிக் கல் தரையில் வெறுங்காலோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஸ்க்ரூ டிரைவரை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, கையை வெளியே எடுப்பா."

"பிளக்கைப் பிடுங்கிட்டேண்ணே. கரண்டே இல்லையே."

காரைக்குடியில் முப்பது வருஷமாக டிவி, மானிட்டர் பழுது பார்க்கிறேன். இந்தப் பதிலைக் கேட்காத வருஷம் கிடையாது. மிக்சியில், ஃபேனில் இது சரி. குழாய் மானிட்டரில் சரியில்லை. பிளக்கைப் பிடுங்கினால் புதிதாகக் கரண்டு வருவது நிற்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே வந்தது உள்ளே இரண்டு இடத்தில் தங்கியிருக்கும்.

ஒன்று, பவர் சப்ளை பக்கம் நிற்கும், சார்ஜைத் தேக்கி வைக்கிற பெரிய கண்டென்சர். கட்டைவிரலைவிடப் பருமனாக, மேலே 400 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். வீட்டுக்கு வரும் 230 வோல்ட், டி.சி.யாக மாறி அதில் ஏறும்போது 325 வோல்ட் வரை போகும். செட்டு ஒழுங்காக ஓடினால், அணைத்த கொஞ்ச நேரத்தில் அந்தச் சார்ஜை செட்டே குடித்துவிடும். பவர் சப்ளை செத்துப்போன செட்டில் அதைக் குடிக்க ஆள் இல்லை, அப்படியே நிற்கும். அதனால் இந்த விஷயத்தில் ஓடுகிற செட்டைவிட ஓடாத செட்டுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். வீட்டில் யாரும் திறப்பது ஓடாத செட்டைத்தான் என்பதுதான் சிக்கலே.

இரண்டாவது, அந்தக் குழாயேதான். கலர் மானிட்டரில் எல்.ஓ.டி. என்கிற உயர் வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தடித்த சிவப்பு ஒயர் ஒன்று கிளம்பிக் குழாயின் தோளில் ரப்பர் தொப்பிக்குள் போகும். ஓடும்போது அதில் சுமார் 25,000 வோல்ட். குழாயின் உள்பக்கம் ஒரு பூச்சு, வெளிப்பக்கம் கறுப்பாகக் கிராஃபைட் பூச்சு, நடுவில் கண்ணாடி. ஆக, குழாயே ஒரு கண்டென்சர். சில செட்டுகளில் சார்ஜ் தானாக வடிய வழி வைத்திருப்பார்கள். அதை நம்பி நான் கை வைத்ததில்லை. இதில் இன்னொரு வேடிக்கை, ஒரு தடவை டிஸ்சார்ஜ் செய்து, அதாவது தங்கிய சார்ஜை வடித்து முடித்து, டீ குடித்துவிட்டு வந்தால், கண்ணாடி உறிஞ்சி வைத்திருந்தது மறுபடி கொஞ்சம் தலைகாட்டும். அதனால் நாங்கள் எப்போதும் இரண்டு, மூன்று தடவை செய்வோம். முதல் தடவை 'சட்' என்று கேட்கும். இரண்டாம் தடவை கேட்பதும் உண்டு.

நான் தொழில் கற்ற மாமா கடையில், சேர்ந்த மூன்றாவது மாதம் இந்த ரப்பர் தொப்பியில் விரல் வைத்தேன். ஷாக் என்னைக் கொல்லவில்லை, இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேனே. ஆனால் கை தன்னால் பின்னால் உதறியது. முழங்கை போய் இன்னொரு டிவியின் குழாய்க் கழுத்தில் இடித்தது. 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம். காற்று உள்ளே போய்விட்டது, குழாய் காலி. மாமா திட்டவில்லை. நாலு மாதம் சம்பளத்தில் பிடித்தார். நல்லவேளை, கழுத்து உடைந்ததோடு போயிற்று. குழாயின் உள்ளே வெற்றிடம். 15 இன்ச் திரையின் முகத்தில் மட்டும் வெளிக்காற்று அரை டன்னுக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்கிறது. உடம்புப் பகுதி உடைந்தால் கண்ணாடி முதலில் உள்ளே பாய்ந்து, பிறகு நாலா பக்கமும் சிதறும்.

நம் ஊர் வீடுகளுக்கென்று தனியாக ஒரு பிரச்சினையும் உண்டு. மரச்சட்டத்துக்குள் ஒயர் ஓடும் பழைய வயரிங், இரண்டு ஓட்டை பிளக் பாயிண்ட், எர்த் என்பதே கிடையாது. மூன்று பின் பிளக் நுழையவில்லை என்று எர்த் பின்னை வெட்டிவிட்டுச் சொருகியதைப் பல வீட்டில் பார்த்திருக்கிறேன். தரையோ சிமெண்ட் கல். காலுக்குக் குளிர்ச்சிதான், ஈரம் பட்டால் கரண்டுக்கும் நல்ல பாதை. பட்டறையில் நாங்கள் ரப்பர் மேட் மேல் நின்று, மோதிரம் கடிகாரம் கழற்றி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தொடுவோம். பார்ப்பதற்கு மிராசுதார் தோரணை மாதிரி இருக்கும். இரண்டு கையும் உள்ளே இருந்தால் கரண்டு நெஞ்சு வழியாகப் போகும் என்பதுதான் காரணம்.

சரி, மூடியைத் திறக்காமலே வீட்டில் என்ன பார்க்கலாம்? நிறையவே பார்க்கலாம். என்னிடம் வரும் 'படம் வரலை' கேஸ்களில் கணிசமானவை கேபிள்தான். மானிட்டர் விளக்கு பச்சையில் நிற்காமல் ஆரஞ்சாக நின்றாலோ, விட்டு விட்டு எரிந்தாலோ, அது சிக்னலுக்காகக் காத்துக்கொண்டு தூங்குகிறது என்று அர்த்தம். நீலநிற வி.ஜி.ஏ. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 15 பின்னில் ஏதாவது மடங்கியிருக்கிறதா? சில கேபிளில் ஒரு பின் இல்லாமலே வரும், அதைக் கண்டு பதற வேண்டாம். திரை முழுக்க மஞ்சள் பாய்ந்திருந்தால் நீலம் வரவில்லை, ரோஸ் பாய்ந்திருந்தால் பச்சை வரவில்லை. அதற்கும் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான். ஒரு மூலையில் மட்டும் கலர் திட்டுத் திட்டாக இருந்தால், பக்கத்தில் ஸ்பீக்கர் இருக்கிறதா பாருங்கள். காந்தத்தின் வேலை அது. தள்ளி வைத்துவிட்டு மெனுவில் அந்தக் காந்தத்தைப் போக்கும் டீகாஸ் கொடுங்கள், 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வரும், பயப்படாதீர்கள். எழுத்து தெரிந்து அப்புறம் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று வந்தால் மானிட்டர் மேல் குற்றமில்லை. கம்ப்யூட்டரில் 800×600, 60 ஹெர்ட்ஸ் வைத்துப் பாருங்கள்.

நடுவில் ஒற்றைக் கோடாகப் படம் சுருங்கினால், படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்டிகல் பகுதி போயிற்று. உடனே அணைத்துவிடுங்கள், அந்தக் கோடு திரையைச் சுட்டுத் தழும்பாக்கிவிடும். டிக் டிக் என்று அடித்துக்கொண்டு எழுந்திருக்காமல் இருந்தால் பெரும்பாலும் எல்.ஓ.டி.யோ அதை ஓட்டும் லைன் டிரான்சிஸ்டரோ போயிருக்கும். கருகல் வாடை, இருட்டில் உள்ளே ஊதாவாக மினுக்கல், 'சிர்ர்' என்ற சத்தம், இதெல்லாம் வந்தால் பிளக்கைப் பிடுங்கி மெக்கானிக்கைக் கூப்பிடுவதைத் தவிர வீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

பத்து வருஷம் பூட்டிக்கிடந்த செட்டை நேராக மெயினில் சொருகாதீர்கள். உள்ளே பல்லி முட்டை இருக்கும், தூசி ஈரம் பிடித்திருக்கும், கண்டென்சர் காய்ந்திருக்கும். நாங்கள் முதலில் 100 வாட் குண்டு பல்பைச் சீரிஸில், அதாவது செட்டுக்குப் போகும் லைனின் நடுவில் போட்டுத்தான் உயிர் கொடுப்போம். பல்பு ஒரு தடவை பளிச்சென்று எரிந்து மங்கினால் பிழைக்கும். முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட்.

யாருக்காவது ஷாக் அடித்தால், ஆளை இழுக்கப் போகாமல் மெயினை அணையுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். 'ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன்' என்று அவர் எழுந்து நடந்தாலும் ஆஸ்பத்திரியில் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுவது நல்லது.

தேறாத மானிட்டரைக் காயலான் கடைக்குப் போட்டால், அங்கே சுற்றியிருக்கும் செம்புக் கம்பிக்காகக் குழாயைச் சுத்தியலால் தட்டுவார்கள். செம்பை எடுத்துக்கொண்டு கண்ணாடியை ஊருணிக் கரையில் கொட்டியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். குழாயின் புனல் பகுதிக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு. பெரிய டிவி குழாயில் கிலோக் கணக்கில் ஈயம். மின்கழிவுக்கு 2011-லிருந்தே நம் நாட்டில் விதி இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருப்பது புதிய விதி. அதன்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் இது போக வேண்டும். பழம்பொருள் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் என்று இதை இன்னும் யாரும் வாங்குவதில்லை, நானும் விசாரித்துவிட்டேன்.

கானாடுகாத்தான் மானிட்டருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முதலில் இரண்டு இடத்திலும் டிஸ்சார்ஜ் செய்தேன். பிறகு கேபிளைப் பார்த்தேன். 13-ஆவது பின், படத்தின் வரிகளை ஒழுங்காக நிறுத்தும் ஹரிசாண்டல் சிங்க் சிக்னல் போகிற பின், மடங்கிப் படுத்திருந்தது. ட்வீசரால் நிமிர்த்தி, சீரிஸ் பல்பில் ஓட்டிப் பார்த்து, நேராகவும் போட்டேன். படம் பளிச்சென்று வந்தது. மூடியைத் திறந்திருக்கவே வேண்டாம். பையன் முகத்தில் அசடு வழிந்தது. அணைத்து, மறுபடி டிஸ்சார்ஜ் செய்து மூடியை மாட்டினோம். தரையில் வைத்திருந்த நாலு ஸ்க்ரூவில் மூன்றுதான் இருந்தது. ஆச்சி விளக்குமாறு கொண்டுவந்து வளவு, அதாவது முற்றம் முழுக்கக் கூட்டிப் பார்த்தார். நான் மானிட்டரை லேசாகச் சாய்த்தேன். உள்ளே 'கிளிங்' என்று உருண்டது. மறுபடியும் கழற்றினோம்.